ஃபுல்லா கெடக்கு மக்கா

எங்கள் வண்டியில் டீசல் அளவைக் காட்டும் முள் வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்ததில்லை. மூன்றாவது கையாக எங்களிடம் வந்த பழைய சரக்கு வண்டி அது. ஒர்க்‌ஷாப்பில் விட்டு முள்ளைச் சரிசெய்திருக்கலாம், தேவைப்படவில்லை. நானும் என் கூட்டாளியும் அந்த ஒரு வண்டியை மாறி மாறி ஓட்டினோம். சாயங்காலம் எவன் கொண்டுவந்து விடுகிறானோ அவன் டீசல் அடித்துவிட்டுத்தான் விட வேண்டும். சாவி வாங்குகிறவன் ஒரு கேள்வி கேட்பான்.

"டீசல் இருக்கா?"

"இருக்கு மக்கா."

ஒன்பது வருஷம் அந்த வார்த்தையை நம்பியே வண்டி ஓடியது. ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை.

நாங்கள் தக்கலையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். படிப்பு இரண்டு பேருக்கும் பத்தாம் வகுப்போடு முடிந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான். அன்று வண்டி என்னுடையது. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவின்போது அவன் ஓட்டுவான். ரப்பர் ஷீட், வாழைத்தார், வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றினோம். பெரிய லோடு என்றால் இரண்டு பேரும் போவோம். அவன் ஓட்டும்போது நான் தூங்குவேன். அவன் பக்கத்தில் தூங்கியதுபோல வேறு எவன் ஓட்டும் வண்டியிலும் நான் தூங்கியதில்லை.

அந்த ஆவணி மாதம் குலசேகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுபோகிற வேலை வந்தது. முந்தின நாள் மத்தியானம் பாத்திரத்தையும் சமையல்காரரையும் கொண்டு இறக்க வேண்டும். மறுநாள் கல்யாணம் முடிந்ததும் திருப்பி ஏற்ற வேண்டும். வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு இரண்டு பேரும் போவோம். ஆனால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது, "நாளைக்கி எனக்கு ஒரு சோலி உண்டு. நீ போயிட்டு வா" என்றான்.

"என்ன சோலி?"

"சும்மா, வீட்டுச் சோலிதான்."

சாவியை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன். "டீசல்?"

"ஃபுல்லா கெடக்கு மக்கா."

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். என் மகள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து முழுக்கக் குடித்தான். அவள் தலையில் கையை வைத்து, "நல்லா படிக்கணும், கேட்டியா?" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்து, "முன்னாடி எடது டயரு கொஞ்சம் தேஞ்சிருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாள் மத்தியானம் சமையல்காரர் வீட்டு வாசலில் உருளி, வார்ப்பு, அண்டா, சட்டுவம் எல்லாம் ஏற்றி முடிக்க இரண்டு மணி ஆனது. அவருடைய ஆட்கள் காய் நறுக்குவதற்காகக் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர். புகையும் வெப்பமும் பட்டுப்பட்டு முகம் செம்பு நிறத்தில் இருக்கும். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு எறநூறு பேரு வருவாவ. நாலு மணிக்கு நான் அடுப்புப் பத்த வைக்கணும்" என்றார். "மூணரைக்குக் கொண்டு எறக்குதேன், அண்ணாச்சி" என்றேன்.

வேர்கிளம்பி தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கிற ஏற்றத்தில் வண்டி இருமியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒரு நிமிஷம் சரியாக இழுத்தது. மறுபடி இருமி, ஒரு குலுக்கு குலுக்கி, நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தேன்.

சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. பேட்டரியில் குற்றமில்லை. சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியென்றால் எஞ்சினுக்கு டீசல் வந்துசேரவில்லை. இது ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். டீசல் ஏன் வரவில்லை என்று பார்க்கிறவன் முதலில் டேங்கைத்தான் பார்ப்பான். நான் பார்க்கவில்லை. டேங்க் ஃபுல்லாகக் கிடந்தது. அவன் சொல்லியிருந்தான்.

முதலில் பம்பில் வந்து சேருகிற சின்ன ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சாவி போட்டதும் பம்பு 'டிக்' என்றது. அது சரி. டீசல் குழாயில் எங்கேயாவது கீறல் விழுந்து காற்று இழுக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். ஈரம் எங்கும் இல்லை. ஃபில்டரின் தலையிலிருக்கிற சின்ன போல்ட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினேன். புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றினேன். கொஞ்சம் கசடு இருந்தது. உதறி, துணியால் துடைத்து மாட்டினேன். அதற்கே அரைமணி நேரம் போனது. பிறகும் காற்றுதான்.

சமையல்காரர் இறங்கி வந்து நிழலில் நின்றார். "ஓய் டிரைவரே, டேங்கைப் பாத்தீரா?"

"அதெல்லாம் ஃபுல்லா இருக்கு அண்ணாச்சி. நேத்துதான் அடிச்சது."

"நீரா அடிச்சீரு?"

"என் கூட்டாளி. நான் அடிச்ச மாதிரிதான்."

அவர் தலையாட்டினார். நான் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். டேங்கில் டீசல் இருந்தால் குளத்தில் ஊதியதுபோலக் குமிழிகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாலையில் பஸ் போகிற சத்தத்தில் காதில் விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி ஊதினேன்.

கல்யாண வீட்டிலிருந்து சமையல்காரருக்குப் போன்மேல் போன் வந்தது. கடைசியில் அவர் பொறுமையிழந்து, பின்னால் போய் ஒரு கரண்டியை எடுத்துவந்தார். குனிந்து டேங்கின் பக்கவாட்டில் தட்டினார். மேலே தட்டினார், நடுவில் தட்டினார், அடியில் தட்டினார். மூன்று இடத்திலும் ஒரே கணீர்.

"தம்பி, நாப்பது வருசமா பாத்திரத்துக்க கூடத்தான் கெடக்கேன். இது காலிப் பாத்திரம்."

மூடியைத் திறந்து, ஒரு ரப்பர் மரக் குச்சியை ஒடித்து உள்ளே விட்டேன். அடிவரை போய் முட்டியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஒரு பொட்டு ஈரம்.

அப்போதும் அவன்மேல் சந்தேகம் வரவில்லை. யாரோ ராத்திரியில் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூடியின் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். அவனுக்குப் போன் போட்டேன். நான்கு தடவை அடித்தது. பிறகு எடுக்காமல் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். எனக்கு வெப்ராளமாகிவிட்டது. வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ, ஆஸ்பத்திரியில் நிற்கிறானோ என்று நினைத்தேன். என் அவசரத்தில் அவனைத் தொந்தரவு செய்துவிட்டேனே என்றுகூட இருந்தது.

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, கேனோடு என்னை ஏற்றிக்கொண்டார். நாங்கள் எப்போதும் டீசல் அடிக்கிற பங்க் வந்த வழியில்தான் இருந்தது. அங்கே வேலைபார்க்கிற பெண்ணுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும். கேனில் டீசலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஏர்போர்ட்டுக்குப் போவலியா?"

"ஏர்போர்ட்டுக்கா? எதுக்கு?"

"அந்த அண்ணன் இன்னைக்கி மஸ்கட்டுக்குப் போறாருல்லா? நீங்கதான் கொண்டு விடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் அவளையே பார்த்தேன். அவள் முகம் மாறியது. "ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப சொன்னான்?"

"நேத்து மத்தியானத்துக்கு மேல வந்தாரு. எங்க எல்லாருக்கும் மிட்டாய் தந்தாரு. குலசேகரத்துல மாமி வீட்டுக்குப் போயிட்டு வாறேன்னாரு. மணவாளக்குறிச்சியில அக்கா வீட்டுக்குக் காலையிலயே போயாச்சாம். இன்னும் ரெண்டு வீடு இருக்குன்னாரு."

"டீசல் அடிச்சானா?"

"இல்ல அண்ணே. அடிக்கட்டான்னு நான் கேட்டேன். நேரமில்ல, நாளைக்கிப் பாக்கலாம்னு போயிட்டாரு."

எந்த நாளைக்கு?

திரும்பி வரும்போது பைக் ஓட்டியவர் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. மடியில் கேன் கனத்தது. முந்தின நாள் முழுக்க எங்கள் வண்டி கடற்கரையிலிருந்து மலையடிவாரம்வரை வீடு வீடாகப் போயிருக்கிறது. அத்தனை டீசலும் விடைபெறுவதற்காகவே எரிந்திருக்கிறது. மாமியிடம் சொல்லியிருக்கிறான், அக்காவிடம் சொல்லியிருக்கிறான், பங்க்கில் டீசல் பிடிக்கிற பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறான். கடைசியாக என் வீட்டு வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

டீசல் வண்டியில் டேங்க் ஒருதடவை வறண்டுவிட்டால் டீசலை ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயெல்லாம் காற்று ஏறியிருக்கும். அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவன் கைப்பம்பை அமுக்க வேண்டும், இன்னொருவன் போல்ட்டைத் திறந்து மூட வேண்டும். ஃபில்டர் மாற்றுகிற போதெல்லாம் நாங்கள் அதைச் செய்வோம். அவன் அமுக்குவான், நான் ஸ்பேனர் பிடிப்பேன். வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

இப்போது சமையல்காரரிடம் சொல்லிக்கொடுத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமுக்கினார். முதலில் வெறும் காற்று. பிறகு சோப்பு நுரைபோல வந்தது. "இன்னும் அமுக்கணுமா?" "அமுக்குங்க." நுரை குறைந்து, விட்டுவிட்டு வந்து, கடைசியில் குமிழி இல்லாமல் தெளிவான டீசல் விரல்மேல் வழிந்தது. போல்ட்டை முறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பிடிக்கவில்லை. எஞ்சினுக்குப் போகிற மெல்லிய இரும்புக் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டு, அவரைச் சாவியைத் திருகச் சொன்னேன். முதல் நட்டில் டீசல் பீய்ச்சி என் கண்ணில் விழுந்தது. துடைத்தேன். துடைத்த பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

சமையல்காரர் இறங்கி வந்தார். "கண்ணைக் கழுவும்" என்று தண்ணீர் ஊற்றினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பங்க்குல யாரு என்ன சொன்னா?"

சொன்னேன். அவர் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. "எளவு, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன கொறஞ்சு போவும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மிச்ச நட்டையும் தெறவும். எனக்கு அடுப்பு கெடக்கு" என்றார்.

நான்காவது நட்டை முறுக்கிய பிறகு எஞ்சின் ஒரு பக்கமாக உதைத்தது, நின்றது, மறுபடி உதைத்தது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஐந்தரை. கல்யாணப் பெண்ணின் சித்தப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஒம்மையெல்லாம் நம்பி ஒரு காரியத்த ஒப்படைக்க முடியுமா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். நான் பாத்திரங்களை இறக்கினேன். அவர் கேட்டது நியாயம். அதே கேள்வியை நான் கேட்க வேண்டியவன் அந்நேரம் ஆகாயத்தில் இருந்தான். சமையல்காரரின் ஆட்கள் பக்கத்து வீடுகளில் பாத்திரம் இரவல் வாங்கிச் சாம்பாரை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாடு அரைமணி நேரம் மட்டும் பிந்தியதாம்.

மறுநாள் சாயங்காலம் பாத்திரங்களைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவன் மஸ்கட்டுக்குப் போயிட்டான்" என்றேன். அவள் நிமிரவில்லை. கேட்டவுடன் "ஐயையோ, எப்போ?" என்று கேட்டிருக்க வேண்டியவள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நாலு நாளாத் தெரியும்." மெதுவாகச் சொன்னாள். "அவரு பொண்டாட்டி ரேஷன் கடையில வச்சுச் சொன்னா. ஒங்ககிட்டச் சொல்லப்பிடாதுன்னு கையைப் பிடிச்சு அழுதா. நான் என்ன செய்வேன்?"

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீங்க போவ விடமாட்டீங்கன்னு அவருக்குப் பயம்."

அது பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய மச்சான் இதே மஸ்கட்டில் ஒரு டிரைவர் வேலை பார்த்து வைத்தான். மார்த்தாண்டத்துக்கு லோடு கொண்டுபோகிற வழியில் அவன் என்னிடம் அதைச் சொன்னான். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நீ போனா நான் ஒத்தைக்கு என்ன செய்ய? இந்த வண்டியை வித்துட்டு வீட்டுல இருக்கட்டா?" என்று கத்தினேன். பிறகு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "போவல, விடு" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அன்று நான் பார்க்கவில்லை.

அதனால் அவன் போனது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. போக வேண்டியவன்தான். சொல்லாமல் போனதைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ளலாம். ஆனால் சொந்தக்காரர், அக்கம்பக்கம், பங்க், கடைசியில் என் வீட்டு அடுப்பங்கரைவரை எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி, ஒன்பது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கொஞ்ச நாள் நான் தக்கலைச் சந்திப்பில் டீ குடிக்கவே போகவில்லை. "கூட்டாளி போயிட்டானாமே" என்று யாராவது கேட்டால், நான்தான் வழியனுப்பினேன் என்பதுபோலத் தலையாட்டுவேன்.

வண்டியில் தன்னுடைய பங்கை எனக்கே விட்டுக்கொடுப்பதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் அதைக் கொண்டுவந்து தந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது பெருந்தன்மை. எனக்கு அது வாயை அடைக்கக் கொடுத்ததுபோல இருந்தது.

எட்டு நாள் கழித்து வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. பிறகு அவன் என் மகளின் பிறந்தநாளுக்கு என் வீட்டுக்காரிக்குப் போன் செய்வான். அவள் ஸ்பீக்கரில் போடுவாள். நான் எழுந்து வெளியே போவேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டான். கொஞ்சம் தடித்திருந்தான். முடி முன்னால் கொட்டியிருந்தது. மகளுக்குச் சாக்லேட், எனக்கு ஒரு சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்த ஊர் வெயிலைப் பற்றிப் பேசினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி டீ போட உள்ளே போனதும் கேட்டேன்.

"ஏன்லே ஃபுல்லா கெடக்குன்னு சொன்ன?"

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்பேன் என்று நினைத்து, அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தான் போல.

"டீசல் இல்லேன்னு சொன்னா நீ என்ன செய்வ?" என்றான். "வா, ரெண்டு பேருமா போயி அடிச்சிட்டு டீ குடிச்சிட்டு வருவோம்னு சொல்லுவ. நானும் வந்திருப்பேன். வண்டியில ஒம்பக்கத்துல ஏறி இருந்தா நான் சொல்லிருவேன் மக்கா. சொன்னா போவ மாட்டேன். அதான் வாயில வந்ததச் சொல்லிட்டு ஓடுனேன்."

"நான் அந்த ஏத்தத்துல ரெண்டு மணிக்கூர் நேரம் கெடந்தேன். டேங்கை மட்டும் பாக்கல."

"கேள்விப்பட்டேன்."

"போன் போட்டேன். நீ கட் பண்ணுன."

"ஏர்போர்ட்டுல ஃபிளைட்டு ஏற வரிசையில நின்னேன். கையில பையி இருந்துது." அவன் தன் கைகளைப் பார்த்தான். "ஒனக்க பேரப் பாத்துட்டுத்தான் கட் பண்ணுனேன்."

டீ வந்தது. நேந்திரங்காய் வற்றலும் வந்தது. அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். முட்டுவலி வந்த அவன் அம்மாவைப் பற்றிப் பேசினோம். அவன் பேச்சில் எனக்கு அவனைப் புரிந்தது. புரிந்ததால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றவன், "இருபத்தெட்டாந் தேதி போறேன், காலையில பதினோரு மணிக்கி ஃபிளைட்டு" என்று தேதியையும் நேரத்தையும் இரண்டு தடவை சொன்னான்.

"செரி" என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி அதிகாலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டேன். அவன் கொண்டுவந்த சட்டை இல்லை, வேறு. அவன் வீட்டு முன்னால் வாடகைக் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் அம்மா அழுதாள். நான் ஒரு பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தேன். அவன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, நான் ஏறுவேன் என்று காத்திருந்தான். "நீ போயிட்டு வா" என்றேன். கார் தெரு முனை திரும்புகிறவரை அங்கேயே நின்றிருந்தேன்.